மீட்பு மென்பொருளில் எந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுப்பது?

மாணவர் விவரங்கள், மதிப்பெண் பட்டியல், வினாத்தாள்கள், ஆண்டு விழாப் படங்கள் எனப் பள்ளியின் பல ஆண்டு உழைப்பு இன்று ஒரு ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ அடங்கிவிடுகிறது. அவை தவறுதலாக அழிந்துவிட்டால் மீட்பு மென்பொருள் கைகொடுக்கும். ஆனால் 'எந்த டிஸ்க், எந்தப் பார்ட்டிஷன்?' என்று அது கேட்கும் முதல் கேள்வியிலேயே பலர் தடுமாறுகிறோம். இதற்குச் சரியான விடை அளிப்பது எப்படி எனக் காண்போம்.

அழித்த கோப்பு எங்கே இருக்கிறது?

ஒரே டிஸ்க்கைப் பல பகுதிகளாகப் பிரித்துப் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு பகுதியும் ஒரு பார்ட்டிஷன். விண்டோஸில் சி, டி, ஈ என்று நாம் காண்பவை பெரும்பாலும் இவையே. எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு பெரியது என்ற விவரம் பார்ட்டிஷன் அட்டவணையில் இருக்கும்.

ஒரு கோப்பை நீக்கும்போது அதன் உள்ளடக்கம் பொதுவாக உடனே அழிவதில்லை. அது இருந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படுகிறது. நூலகப் பதிவேட்டில் ஒரு நூலின் பெயரை அடித்துவிட்டாலும் நூல் அலமாரியிலேயே இருப்பதைப் போன்றது இது. அதே இடத்தில் புதிய கோப்பு எழுதப்பட்டால் பழையது மீளாது. எனவே, கோப்பு அழிந்தது தெரிந்தவுடன் அந்தப் பார்ட்டிஷனில் எதையும் சேமிக்கக் கூடாது. மீட்பு மென்பொருளையும் அங்கே நிறுவக் கூடாது.

தேர்ந்தெடுக்கும் முறை

கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

1. டிஸ்க்கை அதன் அளவைக் கொண்டு அடையாளம் காணுங்கள். 500 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் சுமார் 465 ஜிபி என்றே காட்டும். தயாரிப்பாளர் 1000இன் மடங்கிலும் விண்டோஸ் 1024இன் மடங்கிலும் கணக்கிடுவதே காரணம். 32 ஜிபி பென் டிரைவ் சுமார் 29.8 ஜிபி எனத் தெரியும்.

2. என்ன நடந்தது என்பதைப் பொறுத்துப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுங்கள்.

அ) டி டிரைவ் நன்றாக இயங்குகிறது, சில கோப்புகள் மட்டும் நீக்கப்பட்டன என்றால், அந்தப் பார்ட்டிஷனையும் 'ஃப்ரீ' என்பதையும் தேர்ந்தெடுங்கள். காலி இடத்தில் மட்டும் தேடல் நடக்கும்.

ஆ) பார்ட்டிஷன் ஃபார்மேட் ஆகிவிட்டது, அல்லது திறக்கும்போது ஃபார்மேட் செய்யச் சொல்கிறது என்றால், அதே பார்ட்டிஷனையும் 'ஹோல்' என்பதையும் தேர்ந்தெடுங்கள்.

இ) பார்ட்டிஷனே பட்டியலில் இல்லை என்றால், முழு டிஸ்க்கைக் குறிக்கும் 'ஹோல் டிஸ்க்' வரிசையைத் தேர்ந்தெடுங்கள். இதனுடன் கிடைக்கும் டெஸ்ட்டிஸ்க் மென்பொருள், காணாமற்போன பார்ட்டிஷனையே தேடித்தரவும் முயலும்.

3. கோப்பு முறையைக் கேட்கும்போது, லினக்ஸின் எக்ஸ்ட் வகை என்றால் முதல் விடையையும், விண்டோஸ் டிரைவ், பென் டிரைவ் என்றால் 'அதர்' என்பதையும் தேர்ந்தெடுங்கள்.

4. மீட்ட கோப்புகளைச் சேமிக்க வேறொரு டிஸ்க்கைக் காட்டுங்கள். தேடும் இடமும் சேமிக்கும் இடமும் ஒன்றாக இருந்தால், மீண்டு வரும் கோப்பே இன்னும் மீளாத கோப்பின் மேல் எழுதப்பட்டுவிடும்.

எப்போதும் முழு டிஸ்க்கையே தேடினால் என்ன?

தேடலாம், ஆனால் நேரம் பல மடங்கு ஆகும். மேலும், ஃபோட்டோரெக் கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் உரிய தொடக்க அடையாளத்தைக் கொண்டே கண்டுபிடிக்கிறது. ஆதலால் பழைய பெயர்களும் கோப்புறைகளும் பெரும்பாலும் கிடைக்காது. இணைய உலாவி சேமித்த சிறு படங்கள் உட்பட ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே நமது மதிப்பெண் பட்டியலைத் தேட வேண்டியிருக்கும்.

கவனிக்க வேண்டியவை

எஸ்எஸ்டி வகை டிஸ்க்குகளில் 'டிரிம்' என்ற வசதி நீக்கிய கோப்புகளின் இடத்தை விரைவில் துடைத்துவிடுவதால், மீட்கும் வாய்ப்பு குறைவு. டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என வழக்கத்துக்கு மாறான ஒலி வந்தால், மென்பொருளை இயக்காமல் உடனே அணைத்துவிட்டு வல்லுநரிடம் கொடுப்பதே நல்லது. மீட்ட கோப்புகளில் மாணவர்களின் சொந்த விவரங்களும் இருக்கலாம். அவற்றைப் பொதுக் கணினியில் விட்டுவைக்கக் கூடாது.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையான கோப்பு எதுவும் இல்லாத பழைய பென் டிரைவ் ஒன்றில் பத்துப் படங்களைச் சேமித்து, நான்கை நீக்கச் சொல்லுங்கள். 'ஃப்ரீ' முறையில் மீட்டு எண்ணச் செய்யுங்கள். பிறகு 'குயிக் ஃபார்மேட்' செய்து 'ஹோல்' முறையில் மீட்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை எத்தனை படங்கள் கிடைத்தன, ஏன் என்று மாணவர்களே விளக்கட்டும். முக்கியமான கோப்புகளுக்கு எப்போதும் இரண்டு இடங்களில் நகல் வேண்டும் என்ற முடிவுக்கும் அவர்களே வந்துவிடுவார்கள்.