குறைந்த செலவில் காருக்கு 'பிக்கப்' கூட்டலாமா?

நம்மில் பெரும்பாலோருக்கு முதல் கார் ஷோரூமிலிருந்து வரப்போவதில்லை. மாமா ஓட்டித் தள்ளிய பழைய கார், இல்லையென்றால் நாலு பேர் கைமாறி வந்த செகண்ட்ஹேண்ட் கார்தான். வண்டி வீட்டுக்கு வந்த மறுவாரமே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "சைலன்சரை மாத்து மச்சான்", "பெரிய டயர் போடு", "ஃபில்டரைத் தூக்கிப் போட்டுட்டு கோன் ஃபில்டர் வை." எல்லாவற்றையும் செய்தால் காரின் விலையைவிட செலவு கூடிவிடும். எதை முதலில் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதை, நாம் வகுப்பில் படித்த கணக்கை வைத்தே பார்ப்போம்.

உதாரணத்துக்கு மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்த கார் இது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 3 சிலிண்டர், போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 796 சி.சி. வரும். சக்தி சுமார் 37 குதிரைத்திறன், எடை சுமார் 650 கிலோ. ஓட்டுபவர் 70 கிலோ என்றால் மொத்தம் 720 கிலோ.

1. உள்ள சக்தியை முதலில் மீட்டெடுங்கள்

பழைய இன்ஜினில் அந்த 37-ம் அப்படியே இருக்காது. ஆகவே புதுசாக எதையும் வாங்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூன்று பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து கிராங்க் செய்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு உண்டு. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ரீடிங் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ ஒழுகுகிறது.

கம்ப்ரஷன் சரி என்றால் வால்வு கிளியரன்ஸ், பிளக் கேப், இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர் சுத்தம், டயர் காற்று, வீல் அலைன்மென்ட், உரசிக்கொண்டே இருக்கும் பிரேக் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். எந்த மாற்றமும் செய்யாமலே "வண்டி புதுசு மாதிரி இழுக்குதே!" என்று சொல்ல வைப்பது இந்த வேலைதான்.

2. செலவே இல்லாத மாற்றம்: எடை

நியூட்டனின் இரண்டாம் விதி நமக்கு மனப்பாடம். அதே விசைக்கு நிறை குறைந்தால் முடுக்கம் கூடும். 720 கிலோவில் 36 கிலோவைக் குறைத்தால் 684 கிலோ. பிக்கப் கணக்கில் இது 5 சதவீதத்துக்குச் சற்று மேல், அதாவது இன்ஜினில் சுமார் 2 குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமம். டிக்கியில் கிடக்கும் பழைய இரும்பு, பெரிய ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், முன்னால் பூட்டிய கிராஷ் கார்டு எல்லாவற்றையும் இறக்குங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, சீட் பெல்ட் இவற்றில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

3. ஓடுவதற்கு முன் நிற்கத் தெரியணும்

இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். நம் 720 கிலோ காருக்கு:

மணிக்கு 60 கி.மீ. – 100 கிலோ ஜூல்
மணிக்கு 80 கி.மீ. – 178 கிலோ ஜூல்
மணிக்கு 100 கி.மீ. – 278 கிலோ ஜூல்

வேகம் 60-லிருந்து 100 ஆகும்போது பிரேக் தின்ன வேண்டிய வெப்பம் ஏறத்தாழ மூன்று மடங்கு! சக்தியைக் கூட்டிவிட்டு பிரேக்கை அப்படியே விடுவது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று இந்த மூன்று வரியே சொல்லும்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அது 140 டிகிரிவரை இறங்கலாம். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. டாட் 4 ஆயிலுக்கு இந்த எண்கள் 230, 155. பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டு புதியது ஊற்றி ஏர் எடுங்கள். நல்ல கம்பெனி பேட், ஷூ போடுங்கள். மொத்தப் பட்டியலில் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருவது இந்தச் செலவுதான்.

4. டயர்: பெரிசு என்றால் நல்லதா?

மாருதி 800-ன் டயர் 145/70 ஆர் 12. விட்டம் = 2 × 145 × 0.70 + 304.8 = 507.8 மி.மீ. இதற்குப் பதில் பார்வைக்கு எடுப்பாக 155/65 ஆர் 13 போட்டால் விட்டம் 531.7 மி.மீ. ஆகிறது. 4.7 சதவீதம் அதிகம். சக்கரம் பெரிதானால் அதே டார்க்குக்கு ரோட்டைத் தள்ளும் விசை குறையும். அதாவது காசு கொடுத்து பிக்கப்பைக் குறைத்துக்கொள்கிறோம்! ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 63-ஐ நெருங்கிப் போய்க்கொண்டிருப்போம்.

155/65 ஆர் 12 என்றால் விட்டம் 506.3 மி.மீ. வித்தியாசம் வெறும் 0.3 சதவீதம். டாடா நானோவின் பின் டயர் இந்த அளவுதான். ஆனாலும் ரிம் அகலம் பொருந்துமா, ஃபெண்டரில் உரசுமா என்று டயர் கம்பெனி அட்டவணையில் பார்க்காமல் வாங்கக் கூடாது. அளவைவிட முக்கியம் டயரின் வயசு. பக்கச் சுவரில் 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நிறைய இருக்கிறதே என்று இறுகிப்போன பழைய டயரை வாங்காதீர்கள்.

5. சத்தம் வேறு, சக்தி வேறு

கோன் ஃபில்டர் போட்டதும் 'உர்ர்' என்று ஒரு சத்தம் வரும். மனசுக்கு வண்டி பறப்பது போல இருக்கும். ஆனால் மூடி இல்லாத ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை உறிஞ்சுகிறது. வெளியே 35 டிகிரி, உள்ளே 65 டிகிரி என்று வையுங்கள். கெல்வினில் 308, 338. அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. ஆக்ஸிஜன் குறைந்தால் சக்தி எங்கிருந்து வரும்? கம்பெனி ஃபில்டரைப் புதிதாக மாற்றினால் போதும்.

சைலன்சரை வெட்டுவதும் இதே கதைதான். கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் அதை எடுத்தால் புகைச் சோதனையில் மாட்டுவீர்கள்.

ஹெட்டைத் தேய்த்து கம்ப்ரஷன் ரேஷியோ கூட்டலாமா? ஆட்டோ சைக்கிள் சூத்திரத்தில் 8.7-ஐ 9.5 ஆக்கிப் பாருங்கள். திறன் 57.9-லிருந்து 59.4 சதவீதம் ஆகிறது. லாபம் ஒரு குதிரைத்திறன்கூட இல்லை. நாக்கிங் வந்து பிஸ்டன் போனால் நஷ்டம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

6. சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவுப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்சிலும் சிக்கல் வரலாம்.

ஆசை அடங்கவில்லையா? அதற்கு டிராக் இருக்கிறது. கோவையின் எஸ்.கரிவரதன் இதே மாருதி 800 இன்ஜினை வைத்துத்தான் 'ஃபார்முலா மாருதி' ரேஸ் காரை உருவாக்கினார். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியதும் அந்தக் காரைத்தான்.

7. அளக்காமல் நம்பாதீர்கள்

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். போக்குவரத்து இல்லாத மூடிய மைதானத்தில், மூன்றாவது கியரில் 30-லிருந்து 50 கி.மீ. வர எத்தனை விநாடி என்று பக்கத்தில் உட்கார்ந்தவர் ஸ்டாப்வாட்சில் பார்க்கட்டும். போகும்போது மூன்று தடவை, வரும்போது மூன்று தடவை, பிறகு சராசரி. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த எண்களில் வித்தியாசம் இல்லையென்றால், கடைக்காரர் என்ன சொன்னாலும் பலன் இல்லை என்றே அர்த்தம்.

ஆக நண்பர்களே, வரிசை இதுதான்: முதலில் டியூனிங், அடுத்து எடை, பிறகு பிரேக், அதன்பின் டயர். இந்த நான்கும் முடிந்து கையில் காசு மிஞ்சினால் பெட்ரோல் போட்டு ஊர் சுற்றி வாருங்கள். ஷெட்டில் யாராவது "இதைப் போட்டா 10 ஹெச்.பி. ஏறும் தம்பி" என்றால், மரியாதையாக "எப்படிண்ணே?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத்தானே மூன்று வருஷம் படிக்கிறோம்!