சரக்கிருப்பும் ஐந்தொகையும்

உழவன் குதிரில் நெல் நிறைந்திருத்தல் செல்வத்தின் அடையாளம். வணிகன் களஞ்சியத்திற் சரக்கு நிறைந்திருத்தலும் அத்தகையதே எனப் பலர் எண்ணுவர். ஐந்தொகையும் சரக்கிருப்பைச் சொத்தாகவே காட்டுகின்றது. ஆயினும், விற்காது கிடக்கும் சரக்கு முடங்கிக் கிடக்கும் முதலன்றோ? ஒரு கம்பனி தன் சரக்கைத் திறம்பட ஆளுகின்றதா என்பதைக் கணக்கறிக்கைகளைக் கொண்டு அறியும் வழியை, வணிகம் பயிலும் மாணவர் பொருட்டு ஈண்டு ஆராய்வோம்.

இருப்பின் தொகையை மட்டும் நோக்குவதாற் பயனில்லை. பெரிய கம்பனிக்குப் பெரிய இருப்பு வேண்டும். ஆதலால் ஐந்தொகையிலுள்ள இருப்பை இலாபநட்டக் கணக்கிலுள்ள விற்பனைக் கிரயத்தோடு ஒப்பிடல் வேண்டும். விற்பனைத் தொகையோடு ஒப்பிடுதல் பொருந்தாது. அதில் இலாபமும் கலந்துள்ளது. இருப்பை விற்பனைக் கிரயத்தால் வகுத்து 365 ஆற் பெருக்கினால், அச்சரக்கு எத்தனை நாளைக்குப் போதும் என்பது புலனாகும்.

அமெரிக்க நாட்டு வால்மார்ட் கம்பனியை உதாரணமாகக் கொள்வோம். 2021 ஜனவரி இறுதியில் அதன் இருப்பு ஏறக்குறைய 4,490 கோடி டொலர். அவ்வாண்டின் விற்பனைக் கிரயம் 42,030 கோடி. எனவே இருப்பு 39 நாளைக்குரியது. 2022 ஜனவரி இறுதியில் இருப்பு 5,650 கோடியாயிற்று. விற்பனைக் கிரயமோ 42,900 கோடியே. நாட்கள் 48 ஆயின. இருப்பு நூற்றுக்கு 26 வீதம் ஏற, விற்பனைக் கிரயம் 2 வீதமே ஏறியது.

இது கண்டவுடன் குறைகூறல் தகாது. விலையேற்றமும் கப்பற் போக்குவரத்துத் தாமதமும் அக்காலத்தில் இருப்பை உயர்த்தின. எனினும் 2022 ஜூலையில் அக்கம்பனியே, உடைகள் முதலியவற்றை விலை குறைத்து விற்க நேர்ந்ததால் இலாபம் குறையுமென அறிவித்தது. அதற்கு முன்னரே ஐந்தொகை அதற்கான குறியைக் காட்டியிருந்தது.

மேலும், நாட்கள் குறைவது எப்பொழுதும் நன்றன்று. வெறுந்தட்டைக் கண்ட வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போவர். மீன் வியாபாரிக்கு இரண்டு நாள் இருப்பே மிகை. நகை வியாபாரிக்குப் பல மாத இருப்பும் இயல்பு. ஆகவே ஒத்த தொழில்களையே ஒப்பிடுக. ஓராண்டோடு நில்லாது பல ஆண்டுகளை நோக்குக. கடை நடத்தும் எம் பழைய மாணவரும் ஆண்டிறுதியில் இக்கணக்கை ஒருமுறை செய்து பார்ப்பாராக.