சோலாரா, ஈபி-யா? முதலில் தண்ணீர்க் கணக்கு

செஞ்சிப் பக்கம் புதிதாக இயற்கை வேளாண்மைக்கு வருகிற தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது விதையைப் பற்றி இல்லை. "அண்ணே, சோலார் போடட்டுமா, இல்ல ஈபி சர்வீசுக்குப் பதிஞ்சிட்டுக் காத்திருக்கட்டுமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்றதுக்கு முன்னால நான் ஒன்று திருப்பிக் கேட்பேன்: "உன் கிணத்துல தண்ணி எத்தனை அடியில நிக்குது?" பெரும்பாலும் பதில் வராது. மோட்டார் எத்தனை எச்.பி. என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

எட்டாம் வகுப்புக் கணக்குதான், பார்த்துவிடுவோம்.

ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்ட ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் வேண்டும். இதை 30 அடி ஆழத்திலிருந்து தூக்க 2.5 யூனிட் போதும். 200 அடியில் கிடந்தால் 16.6 யூனிட். இது ஒரு துளி சக்தியும் வீணாக்காத மோட்டாருக்கான கணக்கு; அப்படி ஒரு மோட்டார் உலகத்தில் இல்லை. நம் வயலில் ஓடும் பழைய பம்புசெட்டு, இழுக்கிற கரண்ட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர் தூக்கப் பயன்படுத்தினாலே பெரிசு. அப்படிப் பார்த்தால் 30 அடிக்கு 7.5 யூனிட், 200 அடிக்கு 50 யூனிட்.

இதைப் பயிரில் வைத்துப் பாருங்கள். நவரை நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ., அதாவது 47 அங்குலத் தண்ணீர். 200 அடி போரிலிருந்து இறைத்தால் ஏக்கருக்கு 2,350 யூனிட். மல்லாட்டைக்கு 500 மி.மீ. என்று வைத்தால் 1,000 யூனிட். கேழ்வரகுக்கு 350 மி.மீ., 700 யூனிட். மழை கொடுப்பதை இதில் கழிச்சுக்கணும். நவரையில் கழிக்க அதிகம் இருக்காது. அதே நவரை நெல்லை 30 அடிக் கிணற்றிலிருந்து பாய்ச்சினால் 350 யூனிட்டில் முடிந்துவிடும். என்ன பயிர், எவ்வளவு ஆழம் என்ற இரண்டும்தான் மின்சாரத்தை முடிவு செய்கின்றன. கரண்ட்டு எங்கிருந்து வருகிறது என்பது அதற்குப் பிறகுதான்.

செஞ்சிக்கு இது ரொம்பவே பொருந்தும். நம்முடையது பாறை நிலம். மேலே மக்கிய பாறை அடுக்கிலும், கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர். ஆழமாகத் துளைத்தால் அதிகம் கிடைக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. கோட்டையைக் கட்டினவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ராஜகிரியில் விழுந்த மழையைச் சுனைகளிலும், அடிவாரத்துச் செட்டிக்குளம், சக்கரக்குளத்திலும் பிடித்து வைத்தே ஒரு படையைக் காப்பாற்றினார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் கோட்டை சேர்ந்தபின் கூட்டம் கூடியிருக்கு. வருகிறவர்கள் மதிலைப் படம் எடுக்கிறார்கள், குளத்தை யாரும் பார்ப்பதில்லை. கவலை இறைச்ச காலத்திலும் மாடு இழுக்கிற ஆழம்தான் கிணற்றின் எல்லை. மோட்டார் வந்தபின் அந்த எல்லை போச்சு.

அதனால் இலவச மின்சாரம் தப்பு என்று நான் சொல்லவரவில்லை. 1970-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த மின்கட்டணப் போராட்டத்தில், பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-91-இல் எல்லா உழவர்களுக்கும் இலவச மின்சாரம் வந்ததற்குப் பின்னால் அப்படிப்பட்ட போராட்டங்கள் இருக்கின்றன. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. கம்பியில் வருவது இலவசம் என்பதற்காகப் பூமிக்குள் இருப்பதும் இலவசம் என்று ஆகிவிடாது, அவ்வளவுதான்.

ஏற்கெனவே சர்வீஸ் இருப்பவர்கள் இந்த வாரமே ஓர் அளவு எடுங்கள். மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியபின், கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டுத் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். 200 லிட்டர் டிரம்மைக் குழாயடியில் வைத்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று எண்ணுங்கள். பக்கத்து நிலத்தில் அளந்தபோது 100 அடி, 60 நொடி. அப்படியென்றால் தண்ணீர் தூக்கும் வேலை 1 கிலோவாட். அங்கே ஓடுவது 5 எச்.பி. மோட்டார், அதாவது 3.7 கிலோவாட். நாலில் மூன்று பங்கு எங்கே போச்சு? அடைத்துப் போன புட் வால்வு, ஒடுங்கின குழாய், தேவையில்லாத எல்போக்கள், பல தடவை காயில் கட்டின மோட்டார். தொட்டிக்கு மேலே ஆறடி உயரத்தில் குழாயைத் தூக்கி அருவி மாதிரி விழவைப்பதும் இதில் சேர்த்திதான். பார்க்க அழகு, அந்த ஆறடிக்கும் கரண்ட்டு.

இன்னொன்று ஆட்டோ ஸ்டார்ட்டர். மும்முனை கரண்ட்டு வந்த நொடியில் ஒரு டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் வோல்டேஜ் படுத்துவிடும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், காயில் கருகும். எங்கள் டிரான்ஸ்பார்மரில் நாங்கள் முறை வைத்துப் போடுகிறோம், ஆளுக்கொரு கெப்பாசிட்டரும் மாட்டியிருக்கிறோம். காயில் கட்டும் செலவு குறைந்திருக்கு.

இனி சோலார். 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் மத்திய அரசு 30 விழுக்காடு, மாநில அரசு 30 விழுக்காடு மானியம். வேளாண் பொறியியல் துறையில் விண்ணப்பிக்கலாம். 5 எச்.பி. பம்புக்கு 4.8 கிலோவாட் பேனல். நம் வெயிலுக்கு நாளைக்கு 20 யூனிட்டை ஒட்டிக் கிடைக்கும். புது பம்பு பாதித் திறனில் ஓடினாலும் 30 அடியிலிருந்து 4 லட்சம் லிட்டர், 200 அடியிலிருந்து 60,000 லிட்டர். பகலிலேயே பாய்ச்சலாம், ராத்திரி பாம்புக்குப் பயந்து டார்ச்சோடு மடை திருப்ப வேண்டாம். இதைவிடப் பெரிய நன்மை எனக்குத் தெரியவில்லை. ஆபத்தும் அங்கேதான். வெயில் இருக்கிற வரை ஓடட்டும் என்று விட்டால் பாறைக் கிணறு தாங்காது.

குஜராத்தில் கேடா மாவட்டம் துண்டி கிராமத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2016-இல் ஆறு உழவர்கள் சோலார் பம்புக் கூட்டுறவு அமைத்து, பாய்ச்சியது போக மிச்ச மின்சாரத்தை மின் கம்பெனிக்கு விற்றார்கள். வீணாக இறைத்தால் கைக்காசு போகும் என்றானபின், தண்ணீரை யாரும் எண்ணாமல் விடமாட்டார்கள். குசும் திட்டத்திலும், கம்பி இணைப்புள்ள பம்பைச் சோலாரில் ஓட்டி மிச்சத்தை விற்கும் பிரிவு இருக்கிறது. நம் இயக்கம் கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான்.

அதனால் தம்பிகளுக்கு நான் சொல்வது: திறந்த கிணறு, தண்ணீர் 50 அடிக்குள், மல்லாட்டை, கேழ்வரகு, காய்கறி என்றால் 3 எச்.பி. சோலார் போதும், காத்திருக்காதே. 200 அடி போர், நெல்தான் வைப்பேன் என்றால் சோலாரும் உதவாது, ஈபி-யும் ரொம்ப நாள் உதவாது. முதல் வருஷம் வரப்பை உயர்த்து, பண்ணைக்குட்டை வெட்டு, மூடாக்குப் போடு, மானாவாரியில் வரகு வை. அடுத்த சித்திரையில் கல்லைக் கட்டின கயிற்றோடு வா, அப்புறம் மோட்டாரைப் பற்றிப் பேசுவோம்.