சாங்பேர்ட் மேல் விழுந்த பழிகள்

ஶ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை முறைப்படித் திறக்கப்பட்டது 2006 மார்ச்சில். அதற்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரியில், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு சிறு நிறுவனம் சாங்பேர்ட் என்ற மியூசிக் ப்ளேயரின் முதல் சோதனைப் பதிப்பை வெளியிட்டது. கணினியில் பாட்டுக் கேட்கும் விதத்தையே மாற்றிவிட வேண்டும் என்பது அவர்கள் கனவு. இங்கே, ஶ்ரீபெரும்புதூரில், செய்த கைபேசிதான் கடைசியில் வென்றது. செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொடுக்கத் தொடங்கிய பிறகு, பாட்டுக்காகக் கணினி முன்னால் உட்காரும் பழக்கம் தேய்ந்தது.

சாங்பேர்ட் போய்விட்டது. அதைப் பற்றி அன்று கிளம்பிய பேச்சுகள் போகவில்லை. ஓப்பன் சோர்ஸ் என்று வாயெடுத்தாலே அவை திரும்பி வருகின்றன. அவற்றில் சில உண்மை. பலவற்றில் தவறு செய்தவர் தப்பித்துக்கொள்ள, பக்கத்தில் நின்றவர் மேல் பழி விழுந்திருக்கிறது.

சாங்பேர்ட் என்ன செய்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விண்ஆம்ப் ப்ளேயரின் தொடக்க காலத்தில் அந்த நிறுவனத்தில் இருந்த ராப் லார்ட் தொடங்கிய முயற்சி இது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்கு அடித்தளமான மோசில்லா நிரல்களை எடுத்து, அவற்றின் மேல் ஒரு ப்ளேயரைக் கட்டினார்கள். ஒரு டேபில் நம் பாட்டுச் சேமிப்பு, இன்னொரு டேபில் இணையம். திறக்கும் பக்கத்தில் எம்பி3 இணைப்புகள் இருந்தால் அவற்றைத் திரட்டிக் கீழே பட்டியலாகப் போட்டுவிடும். அங்கேயே கேட்கலாம், இறக்கிக்கொள்ளலாம். ஜிபிஎல் உரிமத்தில் நிரல் முழுவதும் திறந்திருந்தது. 1.0 பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. 2010 ஏப்ரலில் லினக்ஸ் பதிப்பைக் கைவிட்டார்கள். 2013 ஜூனில் நிறுவனமே மூடப்பட்டது.

"சும்மா கொடுத்தாங்க, அதான் நிக்கல"

மூடப்பட்டது ஒரு நிறுவனம். செக்கோயா கேப்பிட்டல் போன்ற பெரிய முதலீட்டாளர்களின் பணத்தில் நடந்த நிறுவனம் அது. பாட்டுக் கேட்பவர்கள் ஸ்ட்ரீமிங் பக்கம் போனபோது அதற்கு வருமானம் வரும் வழி அடைபட்டது. லினக்ஸைக் கைவிட்டதுமே தன்னார்வலர்கள் அதே நிரலை எடுத்து நைட்டிங்கேல் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். தாய் நிறுவனம் போன பிறகும் நைட்டிங்கேல் சில காலம் ஓடியது. நிரல் திறந்திருந்ததால்தான் அந்த மறுவாழ்வு கிடைத்தது.

விலை கொடுத்து வாங்கும் பொருள் நிலைக்கும், இலவசம் நிலைக்காது என்ற கணக்கை இந்த ஊரில் நின்றுகொண்டு யாரும் சொல்லக்கூடாது. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய கைபேசி நிறுவனமாக இருந்த நோக்கியாவின் ஆலை, வரித் தகராறில் சிக்கி, மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறிய சொத்துகளில் சேர்க்கப்படாமல் போய், 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். சால்காம்ப் நிறுவனம் அந்த இடத்தை எடுக்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில், 1996இல் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் தொடங்கி 2001இல் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறிய விஎல்சி ப்ளேயர் ஒரு நாளும் நிற்கவில்லை. நிலைப்பதும் நிலைக்காததும் விலையைப் பொறுத்ததல்ல. பராமரிக்க ஆள் இருக்கிறார்களா, அவர்கள் போனால் அடுத்தவர் எடுத்துச் செய்ய வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

"ப்ளேயருக்குள்ள பிரவுசர் எதுக்கு? சிஸ்டமே ஸ்லோ ஆயிடும்"

இதில் பாதி உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டை ஓட்ட முழு பிரவுசர் இயந்திரமும் நினைவகத்தில் ஏற வேண்டியிருந்தது. அன்றைய 512 எம்பி ராம் கணினிகளில் அது பாரம்தான். பாட்டுச் சேமிப்பு பெரிதாக இருந்தால் திணறியது. 1.0 பதிப்பில் சிடியிலிருந்து பாட்டை எடுக்கும் வசதிகூட இல்லை. இந்தக் குறைகளைச் சொன்னவர்கள் நியாயமாகவே சொன்னார்கள்.

தப்பு எங்கே என்றால், யோசனையே முட்டாள்தனம் என்று தீர்ப்பு எழுதியதில். 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபையின் கணினிச் செயலியைப் பாருங்கள், அதன் முகப்பு குரோமியம் பிரவுசர் இயந்திரத்தின் மேல்தான் ஓடுகிறது. சாங்பேர்டைக் கேலி செய்த அதே வடிவத்துக்கு இன்று மாதச் சந்தா கட்டுகிறோம்.

"பாட்டு திருடுற சாஃப்ட்வேர்"

இணையத்தில் ஏற்கெனவே கிடக்கும் இணைப்புகளைப் படித்துக் காட்டி, கேட்கவும் இறக்கவும் வழி செய்ததற்கு மேல் சாங்பேர்ட் எதையும் செய்யவில்லை. இருந்தாலும் இந்தப் பேச்சுக்குள் ஒரு நிஜமான குழப்பம் இருக்கிறது. ஓப்பன் சோர்ஸ் ப்ளேயரில் ஓடினால் பாட்டும் உரிமம் இல்லாத பொது உடைமை என்று நம்புகிறவர்கள் உண்டு. மென்பொருளின் உரிமம் வேறு, பாட்டின் உரிமை வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே 1964 வரை வந்த இசைத்தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. அதே தட்டில் உள்ள வரிகளுக்கும் மெட்டுக்கும் கணக்கு தனி, எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள். கண்ணதாசன் மறைந்தது 1981இல். அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு.

எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிட்ட பாட்டு என்றால் நமக்கு முதலில் பாரதிதான் நினைவுக்கு வர வேண்டும். பாரதி பாடல்களின் இசைத்தட்டு, சினிமா உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அதை யாரும் பாடலாம் என்ற நிலைக்குக் கொண்டுவரப் போராட்டம் நடந்தது. அவர் விட்டுக்கொடுத்தார், 1949இல் ஓமந்தூரார் அரசு பாரதி படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. ஒரு படைப்பு யாருடையது, யார் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கேள்வியை மென்பொருள்காரர்கள் கையில் எடுப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தமிழர்கள் தெருவில் பேசிவிட்டார்கள்.

"லினக்ஸ்ல பாட்டு ஓடாது"

2011இல் தமிழக அரசின் இலவச லேப்டாப் வந்தபோது விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்தார்கள். லினக்ஸில் பாட்டு ஓடாது என்ற வதந்திக்கு மூலம் எம்பி3யின் காப்புரிமை. அந்தச் சிக்கலால் ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் எம்பி3 இயக்கும் நிரலைச் சேர்த்துக் கொடுக்கவில்லை. நாமே தனியாக நிறுவ வேண்டியிருந்தது. 2017 ஏப்ரலில் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்தின் எம்பி3 உரிமத் திட்டம் முடிவுக்கு வந்தது. அன்றோடு காரணமும் போயிற்று.

"ஓப்பன் சோர்ஸெல்லாம் நம்ம லைன்ல கிடையாது"

சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கானில் செய்யும் ஐபோனில் இணையப் பக்கத்தைக் காட்டும் வெப்கிட், கேடிஇ என்ற லினக்ஸ் திட்டத்தின் கேஎச்டிஎம்எல் நிரலிலிருந்து கிளைத்தது. ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். ஒரகடம் பக்கம் தயாராகும் கார்களில் ஏறினால் திரையில் செட்டிங்ஸுக்குள் போய்ப் பாருங்கள். ஓப்பன் சோர்ஸ் உரிமங்கள் என்ற நீண்ட பட்டியல் பல கார்களில் இருக்கிறது.

ஆப்பிளுக்கும் ஓப்பன் சோர்ஸ் ப்ளேயர்களுக்கும் பழைய கணக்கும் ஒன்று உண்டு. ஐபாடில் ஐட்யூன்ஸ் இல்லாமலே பாட்டு ஏற்ற உதவியவை சாங்பேர்டும் அதன் லினக்ஸ் சகோதரர்களும். 2007 செப்டம்பரில் வந்த புதிய ஐபாடுகளில் பாட்டுப் பட்டியலுக்கு ஒரு சரிபார்ப்புக் குறியைச் சேர்த்து ஆப்பிள் அந்த வழியை அடைத்தது. கட்டற்ற மென்பொருள்காரர்கள் சில நாட்களில் அந்தப் பூட்டைத் திறந்தார்கள். விஎல்சி 2011 ஜனவரியில் ஆப் ஸ்டோரிலிருந்து உரிமச் சிக்கலால் நீக்கப்பட்டு, உரிமம் மாற்றப்பட்ட பின் 2013 ஜூலையில் திரும்பியது. இன்றும் உங்கள் ஐபோனுக்குள் உங்கள் எம்பி3யை நேராகப் போட வேண்டுமென்றால் விஎல்சியின் வைஃபை பகிர்வு சுலபமான வழிகளில் ஒன்று. இங்கே அந்தப் போனைப் பூட்டி முடுக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

"தமிழ் வராது, கட்டம் கட்டமா வரும்"

எல்லாப் பழிகளிலும் என்னை வருத்துவது இதுதான். ஃபயர்ஃபாக்ஸில் தமிழ் தெரிந்தால் சாங்பேர்டிலும் தெரியும், இரண்டையும் ஓட்டியது கெக்கோ என்ற ஒரே பிரவுசர் இயந்திரம். கட்டங்கள் வந்ததற்குக் காரணம் வேறு இரண்டு இடங்களில் இருந்தது.

ஒன்று கணினி. விண்டோஸ் எக்ஸ்பியில் லதா எழுத்துரு வந்தது என்றாலும், இந்திய மொழிகளைச் சரியாகக் காட்டும் வசதியைத் தனியே, விண்டோஸ் சிடியைப் போட்டு, இயக்கிக்கொள்ள வேண்டும். பிரவுசிங் சென்டர்களில் அதைச் செய்து வைத்தவர்கள் குறைவு.

இன்னொன்று பாட்டுக் கோப்பே. எம்பி3யின் கடைசி 128 பைட்டுகளில் பாட்டுப் பெயர், பாடியவர், ஆல்பம் எழுதிவைப்பது ஐடி3 முதல் பதிப்பின் முறை. ஒவ்வொரு பெயருக்கும் 30 பைட்டுதான் இடம். ஆங்கிலத்துக்கு 30 எழுத்து. யூனிகோடு யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும், ஒவ்வொரு கொம்பும் காலும் புள்ளியும், 3 பைட்டு பிடிக்கும். இளையராஜா 24 பைட்டில் அடங்கிவிடுவார். ஏ.ஆர்.ரஹ்மான் 35 பைட்டு, உள்ளே போகமாட்டார். பெயர் நடுவில் வெட்டுப்படும், மிச்சம் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு முன்பு டிஸ்கி போன்ற எட்டுபிட் முறைகளில் தமிழில் எழுதிவைத்த பெயர்களும் இருந்தன. அவை எந்தப் புது ப்ளேயரிலும் தலையில் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத்தான் தெரியும். தமிழக அரசே யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான்.

தமிழை விட்டு ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இன்னொரு சிக்கலை உண்டாக்கினார்கள். இளையராஜாவின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். ஒரே கணினியில் அவர் நான்கு இசையமைப்பாளராகப் பிரிந்து கிடந்தார். பாட்டு இறக்கும் தளங்கள் பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தங்கள் முகவரியையே எழுதிவைத்தன. எஸ்.ஜானகியும் மலேசியா வாசுதேவனும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வலைத்தளத்தின் விளம்பரம்.

சாங்பேர்டின் சிறப்பெல்லாம் இந்தப் பெயர்களை நம்பித்தான் இருந்தது. மேஷ்டேப் என்ற கூடுதல் நிரல், ஓடும் பாட்டின் கலைஞர் பெயரை எடுத்துக்கொண்டு விக்கிப்பீடியாவிலும் யூடியூபிலும் தேடி, படமும் வரலாறும் கொண்டுவந்து காட்டும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை இருந்தால் அது எதைத் தேடும்? வெளிநாட்டுக்காரர்கள் வியந்து எழுதிய வசதி நம் திரையில் வெறுமையாக நின்றது, நாம் ப்ளேயரை வேஸ்ட் என்றோம். பாட்டுக்குப் பெயர் எழுதியவரின் அலட்சியத்துக்கு மென்பொருள் பழி சுமந்தது.

அந்த அலட்சியம் இன்றும் தொடர்கிறது. இந்த வழித்தடத்தில் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்களில் பாட்டு வருவது பென்டிரைவிலிருந்து. ஸ்டீரியோ திரையில் பெயர் வராது, வந்தால் கேள்விக்குறிகள். பாட்டு கண்டபடி மாறி மாறி வருகிறது, பென்டிரைவ் கெட்டுவிட்டது என்பார்கள். பென்டிரைவ் கெடவில்லை. விலை குறைந்த ஸ்டீரியோக்கள் பல அகரவரிசையைப் பார்ப்பதில்லை, கோப்புகளை நகலெடுத்த வரிசையிலேயே ஓட்டுகின்றன. அகரவரிசை பார்க்கும் ப்ளேயர்களிலும் தமிழுக்கு ஒரு தடுமாற்றம் இருக்கிறது. யூனிகோடு எண் வரிசையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, வ-வுக்கு முன்னால் ழ. மொழி அறிந்து அடுக்காத ப்ளேயரில், நாம் பள்ளியில் படித்த வரிசையில் பாட்டைத் தேடினால் கிடைக்காது.

செய்ய வேண்டிய வேலை சிறியது. மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற திறந்த தரவுத்தளம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. ஒரு கலைஞரின் பெயரை எத்தனை விதமாக எழுதினாலும் ஒரே ஆளாகச் சேர்க்கும் ஏற்பாடு அதில் உண்டு. விடுபட்ட தமிழ்ப் பாட்டுகளை யாரும் சேர்க்கலாம். அதன் பிக்கார்டு என்ற இலவச நிரலில் பாட்டுகளை இழுத்துப் போட்டு, ஆல்பத்தைத் தேடி, பெயர்களைத் திருத்துங்கள். சேமிக்கும்போது ஐடி3 பதிப்பு 2.3, யூடிஎஃப்-16 என்று தேர்ந்தெடுங்கள். 30 பைட்டு வேலி அங்கே கிடையாது, பழைய ஸ்டீரியோக்கள் பலவும் அதைப் படிக்கும். உள்ளே பெயர் தமிழில் இருக்கட்டும். தமிழ் எழுத்துரு இல்லாத பஸ் ஸ்டீரியோவுக்காகக் கோப்பின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் வைத்து, முன்னால் 001, 002 என்று எண் போடுங்கள். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, அந்த எண் வரிசையிலேயே நகலெடுங்கள்.