பழுதறியும் நெறி

நுழையும்முன்

உதிரிப் பாகங்களை வாங்கித் தாமே கணினியைக் கட்டமைக்கும் ஆர்வம் மாணவரிடையே பெருகியுள்ளது. ஆயத்தமாக விற்கப்படும் கணினி பழுதானால் விற்றவர் பொறுப்பேற்பார். தாமே கட்டமைத்த கணினி அடிக்கடி முடங்கினால், எப்பாகம் பழுதானது என்பதை உரியவரே கண்டறிய வேண்டும். அதற்கான சிந்தனை முறையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ளது வளவனூர். அவ்வூர் மாணவி ஒருவர், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பாகங்களைக் கொண்டு கணினி ஒன்றைக் கட்டமைத்ததாகக் கொள்வோம். வீட்டார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அதில் அடங்கியிருக்கிறது. முதல் நாள் நன்கு இயங்கிய கணினி, மறுநாள் முதல் அடிக்கடி முடங்குகிறது. ரேமை மாற்றுமாறு ஒருவர் கூறுகிறார். விண்டோஸை மீண்டும் நிறுவுமாறு மற்றொருவர் கூறுகிறார். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் கணினி சரியாகிவிடவும் கூடும். ஆயினும் பழுது எங்கிருந்தது என்பது தெரியாமலே போய்விடும். உத்தரவாதத்தின்கீழ் எந்தப் பாகத்தைக் கடைக்காரரிடம் திருப்பித் தருவது? வளவனூரிலிருந்து ரிச்சி தெருவுக்குச் சென்று திரும்ப ஒரு நாள் கழியும். தவறான பாகத்தைச் சுமந்து சென்றால் அந்த நாளும் பயணச்செலவும் வீண்.

எனவே, ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதையும் அதன்பின் நிகழ்ந்ததையும் நாள், நேரத்துடன் குறிப்பேட்டில் எழுத வேண்டும். கருவிகள் எவற்றையும்விட இக்குறிப்பேடே பயன்மிக்கது.

முடங்கும் விதம்

‘கணினி நின்றுவிட்டது’ என்று பொதுவாகக் கூறுவது போதாது. விளக்கை அணைத்தாற்போல நொடியில் அணைந்ததா? திரை நீலநிறமாகிப் பிழைச்செய்தி தோன்றியதா? சுட்டி அசையாமல் உறைந்ததா? நொடியில் அணைவது பெரும்பாலும் மின்வழங்கலையோ மிகுவெப்பத்தையோ சுட்டும். நீலத்திரை தோன்றினால், செய்தியை எழுதும் அளவுக்கேனும் இயக்க அமைப்பு உயிர்த்திருந்தது என்று பொருள். அங்கு ரேம், இயக்கி மென்பொருள், நுண்செயலி ஆகியவற்றின்மீது ஐயம் எழும்.

விண்டோஸின் ‘ஈவென்ட் வியூவர்’ பகுதியில் ‘கெர்னல்-பவர் 41’ என்னும் பதிவைக் கண்டவுடன் மின்வழங்கியே பழுது என்று முடிவு செய்வோர் பலர். முறையாக மூடப்படாமல் கணினி மீண்டும் தொடங்கியது என்பதை மட்டுமே அப்பதிவு கூறுகிறது. காரணத்தை அது கூறுவதில்லை.

பிழைச்செய்தி நம்மைத் திசைதிருப்பவும் கூடும். இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினி நுண்செயலிகள் சிலவற்றைப் பொருத்திய கணினிகள், விளையாட்டுகளைத் தொடங்கும்போது முடங்கின. வரைகலை நினைவகம் போதவில்லை என்று திரையில் செய்தி தோன்றியது. வரைகலை அட்டையையே பலரும் ஐயுற்றனர். குறையோ நுண்செயலியில் இருந்தது. நுண்செயலி அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதை 2024ஆம் ஆண்டில் இன்டெல் ஒப்புக்கொண்டு, திருத்தத்தைப் பயாஸ் மேம்படுத்தல் வழியாக வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. முன்னரே சிதைந்த நுண்செயலியை அம்மேம்படுத்தல் சீராக்காது. புதிய கணினியில் பயாஸ் பதிப்பைத் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும் என்பதற்கு இது தக்க காரணம்.

வீட்டு மின்சாரம்

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அளவினது. அதாவது, ஓர் அலை முடிய 20 மில்லிநொடி ஆகும். மின்சாரம் தடைப்பட்டால், தன்னுள் சேமித்த ஆற்றலைக் கொண்டு எஸ்.எம்.பி.எஸ். ஏறத்தாழ 16 மில்லிநொடி மட்டுமே முழுச்சுமையைத் தாங்கும். ஓர் அலை தவறினாலே கணினி அணைந்துவிடலாம். கூடத்து மின்விசிறியோ ஒன்றும் நிகழாததுபோலச் சுழன்றுகொண்டிருக்கும். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் அதன் நிலைமாற்றியை ‘யு.பி.எஸ்.’ நிலையில் வைத்தல் நன்று. மற்ற நிலையில் மாறுவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். வயல்களில் மோட்டார் ஓடத் தொடங்கும் வேளையில் மட்டும் கணினி முடங்குகிறதா என்பதையும் குறிப்பேடு காட்டிவிடும்.

நில இணைப்பைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொடும்போது விரலில் மெல்லிய அதிர்வு தோன்றினால், அவ்வீட்டில் ‘எர்த்’ சரியாக இல்லை என்று ஐயுறலாம். எஸ்.எம்.பி.எஸ். உள்ளிருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் கசியவிடும் சிறு மின்னோட்டம், மண்ணுக்குச் செல்ல வழியின்றிப் பெட்டியிலேயே தங்குகிறது. கரியும் உப்பும் இட்ட எர்த் குழியில் கோடையில் நீர் ஊற்றும் பழைய வழக்கத்திற்கு அறிவியல் அடிப்படை உண்டு. உலர்ந்த மண் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. இதனை மின்பணியாளரே சரிசெய்ய வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாணவர் ஒருபோதும் திறக்கலாகாது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் அதன் மின்தேக்கிகளில் மின்னேற்றம் எஞ்சியிருக்கும்.

வெப்பம்

நுண்செயலியின் வெப்பம் அறையின் வெப்பத்தின்மேல் ஏறி நிற்பது. அறை 27 பாகையாக இருக்கும்போது 85 பாகையைத் தொடும் நுண்செயலி, அதே வேலையைக் கத்திரி வெயிலில் 38 பாகை அறையில் செய்தால் 96 பாகையை நெருங்கும். பல நுண்செயலிகளின் வரம்பு 95 முதல் 100 பாகை வரைதான். ஆதலால், மார்கழியில் குறையின்றி இயங்கிய கணினி சித்திரையில் முடங்குவதில் வியப்பில்லை. புதிதாகக் கட்டமைத்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வேறொன்று: குளிர்விப்பானின் அடிப்பரப்பில் ஒட்டியிருந்த நெகிழித்தாள் உரிக்கப்பட்டதா? சிரிப்புக்கு இடமானதாகத் தோன்றினும், அடிக்கடி நேரும் பிழை இது.

ரேம்

6000 என்று அச்சிடப்பட்ட டி.டி.ஆர்.5 ரேம், பொருத்தியவுடன் அவ்வேகத்தில் இயங்குவதில்லை. பொதுவாக 4800 அளவிலேயே தொடங்கும். பயாஸில் ‘எக்ஸ்.எம்.பி.’ அமைப்பை இயக்கினால்தான் வேகம் உயரும். நிலைகுலைவும் அங்கே தொடங்கலாம். அதனை அணைத்ததும் முடக்கம் நின்றால் காரணம் பாதி விளங்கிவிட்டது. நில்லாவிடில், மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுதும் ஓடவிடலாம். அதில் ஒரு பிழை தோன்றினாலும் அது பழுதே.

இரண்டு ரேம்களில் எது பழுது என்பதை அறிய, ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் சோதிக்க வேண்டும். பின்னர் அதையே வேறு பொருத்துவாயில் இட்டுச் சோதிக்க வேண்டும். பிழை ரேமுடன் இடம்பெயர்ந்தால் ரேம் பழுது. எந்த ரேமை இட்டாலும் ஒரே பொருத்துவாயில் பிழை நிலைத்தால் தாய்ப்பலகையையோ நுண்செயலியையோ ஐயுற வேண்டும். இரண்டு ரேம், இரண்டு பொருத்துவாய், நான்கு சோதனை. வளவனூர் மாணவி தம் குறிப்பேட்டில் நான்கு வரிகளாக இம்முடிவுகளை எழுதி, பழுதான ரேமையும் விலைச்சீட்டையும் எடுத்துக்கொண்டு சென்றால், கடைக்காரர் தம் மேசையிலேயே அதே சோதனையைச் செய்து பார்த்து மாற்றித் தர இயலும்.