கஜாவுக்குப் பிறகு வாங்கிய பேனா

2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துத் தென்னந்தோப்புகளையும் படுக்கவைத்துவிட்டுத்தான் மேற்கே போனது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் திரும்பியதும் என் ஸ்டுடியோவுக்குக் கல்யாண ஆல்பம் வேலை வரவில்லை. நனைந்த போட்டோக்கள் வந்தன. ஓடு பறந்த வீட்டில் சுவரோடு ஊறியவை, பீரோவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை, பிரேம் கண்ணாடியிலேயே அப்பிக்கொண்டவை. பதினைந்து வருடமாக மவுஸை வைத்தே போட்டோஷாப்பை ஓட்டியவன் நான். அடுத்த மூன்று மாதத்தில், டீ கிளாஸைத் தூக்கினாலே வலது மணிக்கட்டு சுள்ளென்றது.

வலியையாவது தைலம் தடவிச் சமாளித்தேன். வடகாட்டுப் பக்கமிருந்து ஒரு அப்பத்தா கொண்டுவந்த படத்தைச் சமாளிக்க முடியவில்லை. அவர் கணவர் சிங்கப்பூரில் எடுத்துக்கொண்ட சின்னப் படம். வேறு படம் கிடையாது. ஈரத்தில் பூஞ்சை பிடித்து மூக்கும் ஒரு கன்னமும் போய்விட்டன. இரண்டு நாள் உட்கார்ந்து, மிச்சமிருந்த கன்னத்திலிருந்து குளோன் செய்து, மூக்கை நேராக்கி நிறுத்திக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா அவுக மூக்கு இம்புட்டு நேரா இருக்காதுப்பா. ஜல்லிக்கட்டுல மாடு முட்டி லேசா சாஞ்சிருக்கும்."

லேசாகச் சாய்ந்த மூக்கைக் கோடு போட்டு வரைய முடியாது. நிழலை மெல்ல ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். மவுஸுக்கு அந்த 'மெல்ல' தெரியாது. அழுத்தினால் முழுசாக விழும், விட்டால் நின்றுவிடும். ஒவ்வொரு தடவலுக்கும் ஒபாசிட்டி எண்ணை மாற்றி மாற்றி வைத்தும், நிழல் படிக்கட்டு படிக்கட்டாகத்தான் வந்தது.

அப்போதுதான் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஞாபகத்துக்கு வந்தார். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் கருப்பு வெள்ளைக் காலத்து ரீடச்சர். கண்ணாடி வைத்த சாய்வு மேஜையில் நெகட்டிவைப் பொருத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் வரவைத்து, உப்புத்தாளில் ஊசியாகத் தீட்டிய பென்சிலால் தழும்புகளை நிரப்புவார். நெகட்டிவில் பென்சில் கரி ஏறிய இடம் பிரிண்டில் வெளுப்பாக விழும். கரி ஒரு பொட்டுக் கூடினால் முகத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும். "அமுக்காதடா தம்பி, பென்சிலு எறும்பு மாதிரி ஊரணும்" என்பார். கம்ப்யூட்டருக்கு மாறியபோது நாங்கள் கையிலிருந்து தொலைத்தது அந்த அழுத்தத்தைத்தான்.

அழுத்தத்தை உணரும் பேனாவும் அது ஓடும் பலகையுமாக வரும் பென் டேப்லெட் வாங்க முடிவு செய்தேன். முதல் தடவை ஏமாந்தேன். எந்த கம்பெனி என்பது வேண்டாம்; தப்பில் பாதி என்னுடையது. விலை குறைவு என்று ஆன்லைனில் தேடி, உள்ளங்கை அகலத்தில் ஒன்றை வாங்கினேன். வேலை செய்யும் பரப்பின் அகலம் 4 அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர். என் 24 அங்குல மானிட்டரின் அகலம் 53 சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கை ஒரு மில்லிமீட்டர் நடுங்கினால் திரையில் கர்சர் ஐந்து மில்லிமீட்டர் தாவும். புருவத்தைத் தொடப்போனால் காதில் போய் நிற்கும். போதாததற்குப் பேனாவுக்குள் ஒரு பேட்டரி. அதன் கனத்தில் பேனா பின்பக்கமாகச் சாய்ந்தது. பேட்டரி இறங்க இறங்க, அழுத்தமும் விட்டுவிட்டு வந்தது.

இரண்டாவது தடவை அளவுகோலோடு உட்கார்ந்தேன். வாகாம் கம்பெனியின் 'ஒன் பை வாகாம்' இரண்டு அளவில் வருகிறது. சின்னதன் வேலைப்பரப்பு 152க்கு 95 மில்லிமீட்டர், நடுத்தரம் 216க்கு 135. என் மானிட்டரின் அகலம் சின்னதைப் போல மூன்றரை மடங்கு, நடுத்தரத்தைப் போல இரண்டரை மடங்கு. லேப்டாப்பில் மட்டும் வேலை செய்கிறவருக்குச் சின்னதே போதும். திரை 22 அங்குலத்தைத் தாண்டினால் நடுத்தரம்தான். விலை வித்தியாசம் வலிக்கும். மணிக்கட்டு வலிப்பதைவிடக் குறைவாகவே வலிக்கும். இதைவிடப் பெரியது ரீடச்சிங்குக்குத் தேவையில்லை. எப்படியும் நாம் முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கண்ணோரம், மூக்கோரம் என்றுதான் வேலை செய்கிறோம். பெரிய பலகையில் தோளிலிருந்து கையை வீச வேண்டும், கீபோர்டு வைக்கவும் இடம் இருக்காது. நான் நடுத்தரத்தை வாங்கினேன். ஹூயான், எக்ஸ்பி-பென் கம்பெனிகளிலும் இதே அளவுகளில் நல்லவை இருக்கின்றன. பேனா பேட்டரி இல்லாததா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பலகைக்குள் இருக்கும் கம்பிச்சுருள்கள் அனுப்பும் மின்காந்த அலையிலேயே பேனா இயங்கும் வகை அது. சார்ஜ் போட வேண்டாம், கனமும் இல்லை.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் அழுத்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். என்னுடையது 2048 படிகள். 8192, 16384 என்றெல்லாம் வருகிறது. சாதாரண எட்டு பிட் படத்தில் ஒரு வண்ணத்துக்கு மொத்தமே 256 படிகள்தான். கவனிக்க வேண்டியது வேறு: பேனா எவ்வளவு லேசாகத் தொட்டதும் எழுதத் தொடங்குகிறது என்பது. சில பேனாக்கள் ஒரு குத்துக் குத்தினால்தான் விழித்துக்கொள்ளும். சருமத்து வேலை முழுக்க அந்த முதல் தொடலில்தான் இருக்கிறது. பெட்டியைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது, வைத்திருக்கும் யாரிடமாவது வாங்கிக் கிறுக்கிப் பார்க்க வேண்டும்.

திரையோடு வரும் டேப்லெட்? படம் வரைகிறவர்களுக்கு அது வரம். எனக்கு வேண்டாம். திருத்துகிற இடத்தை என் கையே மறைக்கும், நாள் முழுக்கக் கழுத்தைக் குனிய வேண்டும், மானிட்டர் ஒரு நிறம் காட்ட அது ஒரு நிறம் காட்டும்.

வாங்கி வந்த அன்று வேலை நடக்கும் என்று நினைக்காதீர்கள். கண் திரையில், கை மேஜையில். பலகையின் மூலையைத் தொட்டால் கர்சர் திரையின் மூலைக்கே போய்விடும். மவுஸ் மாதிரி தூக்கித் தூக்கி நகர்த்துவது கிடையாது. மூன்றாம் நாள் வெறுத்துப்போய் மவுஸை எடுத்தேன். மனைவி அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பிறகு, வாசலில் அவள் போட்ட சிக்குக் கோலங்களைப் போட்டோ எடுத்து, திரையில் விரித்து, அதன்மேலேயே பேனாவால் இழுத்துப் பழகினேன். கோடு புள்ளியைச் சுற்றி வளைந்து திரும்பும்போது கை தானாக வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொள்கிறது. பத்தே நாள்.

செட்டிங்கில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பலகை 16:10, மானிட்டர் 16:9. அப்படியே விட்டால் கை போடும் வட்டம் திரையில் லேசாக நசுங்கும். டிரைவரில் 'ஃபோர்ஸ் புரொபோர்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் சரியாகிவிடும். பலகையில் ஒரு விரல் அகலம் வீணாகும், போகட்டும். பேனாவை அழுத்திப் பிடித்தால் ஒரு வளையம் சுழன்று ரைட் கிளிக் விழுகிறதா? விண்டோஸின் 'பென் அண்ட் டச்' பகுதியில் 'பிரஸ் அண்ட் ஹோல்ட்' என்பதை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் இங்க்கையே மொத்தமாக அணைக்கப்போய், போட்டோஷாப்பில் அழுத்தமே போய், ஒரு நாள் முழுக்க விழித்தவன் சொல்கிறேன். பேனாவின் கீழ்ப் பொத்தானுக்கு 'ஆல்ட்' கொடுத்தேன், குளோன் எடுக்க வசதி. மேல் பொத்தானைச் செயலற்றதாக்கினேன், விரல் பட்டுத் தொல்லை கொடுத்ததால்.

பிரஷ்ஷில், அழுத்தத்தைப் பருமனுக்கும் ஒபாசிட்டிக்கும் ஒரேசமயம் கொடுக்காதீர்கள். தழும்பு தழும்பாக விழும். சருமத்துக்கு ஒபாசிட்டிக்கு மட்டும், ஃப்ளோ மூன்று முதல் ஐந்து சதவீதத்துக்குள். முடி வரையப் பருமனுக்கு மட்டும்.

இன்னொன்று, எங்கள் ஊர் செம்மண் தூசி. பலகைமேல் அது படிந்தால் உப்புத்தாள் போலத்தான். பேனா முனை சாய்வாகத் தேய்ந்து கூராகி, பலகையைக் கீறத் தொடங்கும். ஜெராக்ஸ் கடையில் ஒரு ஓஹெச்பி ஷீட் வாங்கி மேலே ஒட்டிவிட்டேன். பேனா அதைத் தாண்டியும் வேலை செய்கிறது, கீறல் விழுந்தால் ஷீட்டை மாற்றினால் போதும். உதிரி முனைகள் எங்கே கிடைக்கும் என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த அப்பத்தாவின் படத்தை மறுபடி எடுத்தேன். முந்தைய நேர்மூக்கை அழித்துவிட்டு, ஒரு பக்கம் நிழலை எறும்பு ஊர்கிற மாதிரி ஏற்றினேன். ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. பேரன் கூட்டிவந்தான். அவர் மூக்கை விரலால் தொட்டுப் பார்த்து, "ம், இப்பதான் அவுக மாதிரி இருக்காக" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி மாட்டச் சொன்னார். காசு வாங்கத்தான் செய்தேன், பாதி.

என் மனச் சமாதானத்துக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இந்தப் பேனா கையில் வந்த பிறகு முகத்தை வழுவழுவென்று மெழுகுவது ரொம்பச் சுலபமாகிவிட்டது. பேனருக்குப் படம் கொடுக்கிறவர்கள் "கொஞ்சம் கலரா ஆக்குங்கண்ணே" என்றுதான் கேட்கிறார்கள். நான் பருவை எடுப்பேன், மச்சத்தை எடுக்கமாட்டேன், நிறத்தைத் தொடமாட்டேன். அதனால் இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போயிருக்கிறார்கள்.

டேப்லெட் வாங்கும் யோசனை இருந்தால், ஆலங்குடிப் பக்கம் வரும்போது என் மேஜையில் பத்து நிமிடம் உட்கார்ந்து கிறுக்கிப் பாருங்கள். ஆடி மாதம் மட்டும் வேண்டாம். மொய் விருந்து ஃப்ளெக்ஸ் வேலையில் உட்காரவே நாற்காலி இருக்காது.