உன் முழங்கையைத் தொட்டுப் பார்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. கை கால் நரம்புகளின் பெயரும் கிளையும் படிக்கப் படிக்க மறந்துபோகிறது, அனாட்டமி பரீட்சையை நினைத்தாலே தூக்கம் வரவில்லை என்று அக்காவிடம் சொன்னாயாம். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும் என்று கடிதமாகவே எழுதுகிறேன்.

புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வை. முழங்கையை லேசாக மடக்கி, அதன் உட்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முண்டைத் தொடு. அதற்கும் முழங்கை நுனிக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அங்கே விரலை வைத்து மெல்ல உருட்டு. கயிறு போல ஒன்று நழுவும்; சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடும். கதவில் முழங்கை இடித்துக்கொண்டால் ஷாக் அடித்த மாதிரி இருக்குமே, அதற்குக் காரணம் இந்த அல்நார் நரம்புதான். தொட்டுப் பார்த்துவிட்டாய், இனி மறக்காது.

நான் சொல்ல வந்ததும் இதுதான். கை கால் முழுக்க நரம்பு ஓடினாலும் அது பெரும்பாலும் அடிபடுவது சில இடங்களில்தான்: எலும்பை ஒட்டிப் போகும் இடம், தோலுக்கு அடியிலேயே கிடக்கும் இடம், குறுகலான வழியில் நுழையும் இடம். அந்த இடங்களை உன் உடம்பிலேயே தொட்டுத் தெரிந்துகொண்டால், கிளைகள் தாமாக நினைவில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ரேடியல் நரம்பு மேற்கை எலும்பின் பின்புறத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. எலும்பு நடுவில் முறிந்தால் நரம்பும் அடிபடலாம். அப்போது மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். தொங்கினால் என்ன, விரல்களை மடக்க முடியுமே என்று நினைப்பாய். உன் மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டு, ஒரு பேனாவை இறுக்கிப் பிடித்துப் பார். பிடி நிற்காது. மணிக்கட்டு நிமிர்ந்தால்தான் பிடிக்குப் பலம். மண்வெட்டி பிடிக்கிறவருக்கு அந்தப் பிடிதான் சோறு.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஓர் இரவு, லாரியிலிருந்து விழுந்த சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் மேற்கை முறிந்து வந்தார். எலும்பைச் சீர்செய்து மாவுக்கட்டு போட்டேன். காலையில் பார்த்தால் மணிக்கட்டு தொங்குகிறது. எங்கள் சீஃப் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கட்டு போடறதுக்கு முன்னாடி இவர் மணிக்கட்டைத் தூக்கினாரா?" எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவே இல்லை. விழுந்தபோதே நரம்பு அடிபட்டதா, நான் இழுத்துச் சேர்த்தபோது அடிபட்டதா என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. இவ்வகைக் காயங்களில் பெரும்பாலானவை தாமாகவே தேறும். அவருக்கும் நான்கு மாதத்தில் மணிக்கட்டு நிமிர்ந்தது. ஆனால் அந்த நான்கு மாதமும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

நரம்பின் உள்ளிழை அறுந்தால், அது ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். மாதத்துக்கு 3 சென்டிமீட்டர். முழங்கையில் அறுந்த அல்நார் நரம்பு உள்ளங்கையின் சிறு தசைகளை எட்ட 30 சென்டிமீட்டர் வளர வேண்டுமென்றால் பத்து மாதம். நரம்பின் தொடர்பு ஒன்றரை ஆண்டுக்கு மேல் இல்லாத தசை, பெரும்பாலும் மீளாது. நரம்பு முழுதாக அறுந்திருந்தால் தைத்தாக வேண்டும். ஆகவே காத்திருப்பதா, தைப்பதா என்ற முடிவுக்கு நாள் கணக்கு முக்கியம். அந்தக் கணக்கு முதல் நாள் நீ எழுதும் கேஸ் ஷீட்டில் தொடங்குகிறது.

மீடியன் நரம்பு மணிக்கட்டில் ஒரு குறுகிய குகைக்குள் நுழைகிறது. அங்கே அழுத்தம் கூடினால் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும். நடுராத்திரியில் எழுந்து கையை உதறுகிறேன் என்பார்கள். சுண்டுவிரலும் மரத்துப்போகிறதா என்று கேள். ஆமென்றால், வேறு இடத்தில் தேடு.

காலுக்கு வா. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே போவது பெரோனியல் நரம்பு. மாவுக்கட்டின் மேல்விளிம்பு அழுத்தினாலும், நெடுநேரம் குத்துக்காலிட்டு வேலை செய்தாலும் அது நசுங்கும். பாதம் தொங்கி, முழங்காலை உயரத் தூக்கி நடப்பார்கள். "செருப்பு கழன்று விழுந்தது" என்று ஒருவர் சொன்னால் காதைத் தீட்டிக்கொள். பின்புறத்தில் தவறான இடத்தில் ஊசி போட்டாலும் சயாட்டிக் நரம்பு காயப்பட்டு இப்படிப் பாதம் தொங்கலாம். பச்சைக் குழந்தைகளுக்குத் தொடையின் முன்வெளிப்பக்கம் தடுப்பூசி போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நரம்பின் பாதையைத் தெரிந்துகொண்டால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் வேலூரே சாட்சி. தொழுநோய் அல்நார் நரம்பை முழங்கையருகே தடிக்க வைத்துக் கெடுக்கும். விரல்கள் பறவை நகம்போல் மடங்கிவிடும். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், அத்தகைய கைகளை ஒவ்வொரு தசையாகச் சோதித்தார். உள்ளங்கைத் தசைகள் செத்திருந்தாலும், முன்கைத் தசைகளில் பல நல்ல பலத்தோடு இருந்தன. அவற்றுக்குக் கிளை தருபவை அல்நார் அல்ல, பெரும்பாலும் மீடியனும் ரேடியலும். அப்படி நலமாக இருந்த தசையின் நாணை எடுத்து விரலில் பொருத்தினார். மடங்கிக் கிடந்த கைகள் திறந்தன. தொழுநோயாளியின் விரல் தேய்வதற்குக் காரணம் சதை அழுகுவதல்ல, உணர்ச்சியில்லாத கை தெரியாமலே சுட்டுக்கொள்வதும் வெட்டுப்படுவதும்தான் என்று எடுத்துக்காட்டியவரும் அவரே. நீ இப்போது மனப்பாடம் செய்து அலுக்கும் கிளை வரிசைதான் அத்தனை பேருக்குக் கையைத் திருப்பித் தந்தது.

பின்னாளில் வார்டுக்குப் போகும்போது, கை முறிந்து வருபவரிடம் மூன்று காரியம் செய்யச் சொல். மணிக்கட்டை நிமிர்த்தச் சொன்னால் ரேடியல். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நுனி சேர்த்து வட்டமாக்கச் சொன்னால் மீடியன். விரல்களை விரிக்கச் சொன்னால் அல்நார். கால் என்றால் பாதத்தை மேலே தூக்கச் சொல். தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்றும் கேள். அரை நிமிட வேலை. கட்டு போடும் முன் ஒரு தடவை, போட்ட பின் ஒரு தடவை பார்த்து, நேரத்தோடு எழுதி வை. நான் செய்யத் தவறியதை நீ ஒருநாளும் தவறாதே.

அன்புடன்,
மாமா